இருபத்து மூன்று புள்ளி ஆறு

வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்க. அடுப்பில் ஏதாவது இருந்தால் தணித்துவிட்டு வாருங்கள். கருகிப்போனால் என்னைத்தான் திட்டுவீர்கள். கையில் தைக்கிற வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் காது போதும்.

இன்றைக்கு ஆறு கிலோமீட்டரின் கதையைச் சொல்லப் போகிறேன். காரில் போனால் பத்து நிமிடம். அதைக் கடக்க நம் மெக்கானிக்குக்குப் பதினோரு மாதம் ஆயிற்று.

விட்ட இடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திவிடுகிறேன். புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கக் கூடாது பாருங்கள்.

மெக்கானிக் முப்பத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு ஜப்பான் கம்பெனியின் கார்களை மட்டும் பழுது பார்ப்பவர். வேறு வண்டி வந்தால், "இந்தப் பாஷை எனக்குப் புரியாதுங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுவார். அவருக்கு ஒரே மகன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை. பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே காரை ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் நேராக நிறுத்தினான். கைப்பிரேக் போட்டான். பூட்டினான். பார்க்கிங் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பெயர் பதிகிற கவுண்டர் முன்னால் போய் விழுந்தான். முப்பத்து நாலு வயது.

"அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

காரின் பின் சீட்டில் அவனுடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவன் அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "பசியோடயே போயிட்டானா?" பாத்திரம் கழுவும்போது குழாயிடம் கேட்பாள். துணி காயப் போடும்போது கொடியிடம் கேட்பாள். பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

மருமகளுக்கு வேறு கேள்வி. அவள் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவள், எண்களோடு புழங்குகிறவள். அவள் கணவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் காலையில் வண்டியை எடுக்கும்போது, அன்றைய தூரத்தைக் காட்டும் சின்ன மீட்டரைப் பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் கிளம்புவான். அந்தப் புதன்கிழமையும் ஆக்கியிருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காரில் அது காட்டிய எண் 23.6.

வீட்டிலிருந்து அலுவலகம் பதினொன்று. அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரி ஆறு புள்ளி ஆறு. கூட்டினால் பதினேழு புள்ளி ஆறு. மிச்சம் ஆறு கிலோமீட்டர் எங்கே போனான்? அலுவலகத்தில் கேட்டாள்; பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டான் என்றார்கள். மாமனாரிடம் கேட்டாள். "மாமா, அன்னைக்கு அவர் பட்டறைக்கு வந்தாரா?"

"இல்லம்மா" என்றார் மெக்கானிக். அவ்வளவுதான்.

அவளுடைய அண்ணன் போனில், "ஆம்பள போற எடமெல்லாம் வீட்டுக்குத் தெரியுமா என்ன, விட்டுத்தள்ளு" என்றான். ஆறுதல் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இப்போது அவளுக்கு வேறு ஊரில், பெரிய கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை தோற்று, இரண்டாவது தடவை லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நாளைக் காலை அவன் காரிலேயே கிளம்புகிறாள்.

இனி இன்றைய பொழுது.

*

காலையிலேயே மாமியார் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மருமகள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது.

"அத்தை, நான் வேலைக்குப் போறேன். கடை போடப் போகல."

"போற எடத்துல அடுப்பு எப்படி எரியுமோ, யாருக்குத் தெரியும்?"

"அடுப்பு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் அத்தை எரியும்."

"நீ ரெண்டு நாள் சமைச்சுப் பாத்துட்டு சொல்லு." மாமியார் பத்தாவது டப்பாவைத் துடைத்தாள். பிறகு மூடியைத் தேடுகிறவள் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன்னு சொல்லவும் வரல. அதான் டப்பா கழுவறேன்" என்றாள்.

மருமகள் மூடியை எடுத்துக் கொடுத்தாள்.

மெக்கானிக் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நாலு மணிக்கு வந்து வண்டிய எடுத்துக்கறேன். ஆயில் மாத்திடுங்க, காத்துப் பாருங்க. மீட்டர் மட்டும்..."

"தெரியும்மா. தொட மாட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதம் முன்னால் பேட்டரி செத்துப்போகிற நிலைக்கு வந்தபோது, பழையதைக் கழற்றினால் எண் அழிந்துவிடும் என்று, இன்னொரு பேட்டரியை ஒயரில் இணைத்து வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றியவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரை ஓட்டி வர அவருக்கு மனம் வரவில்லை. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அது பட்டறை மூலையில், தார்ப்பாய்க்குக் கீழே. வாரத்துக்கு ஒருநாள் ஜன்னல் வழியாகச் சாவியைத் திருப்பி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஓட்டுகிற சீட்டில் யாரும் உட்காருவதில்லை. அவன் நெட்டை. சீட் பின்னால் தள்ளி இருந்தது, இருந்தபடியே இருந்தது.

*

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டினாலும், அதன் சொந்தக்காரர் பின்பக்கச் சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஒரு வரி எழுத வேண்டும். நல்லதோ கெட்டதோ, மனசில் பட்டதை.

'பத்து வருஷமா விக்கப் பாக்கறேன். ஒரு காரணம் கிடைக்கல.'

'தகரம் மெலிசு. தைரியம் கெட்டி.'

'ஏசி பெருமூச்சு விடும், அவ்வளவுதான்.'

'பின் சீட்ல மூணு பேர் உட்கார்ந்தா நாலாவதா சண்டை வந்து உட்காரும்.'

'வேகமா போகாது. போய்ச் சேரும்.'

இப்படி முப்பது நாற்பது. எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரே வார்த்தையைத்தான் வேறு வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள். வழியில் நின்றதில்லை. நடுரோட்டில் விட்டதில்லை. ஒரே ஒரு வரி மட்டும் தனியாக, கீழ் மூலையில், வரைபடம் போடுகிறவனின் அச்சுப் பதித்த மாதிரி எழுத்தில் இருந்தது. 'ஹாரனுக்கு மட்டும் வெட்கம் அதிகம்.'

அது மகன் எழுதியது. மெக்கானிக் அந்த மூலைப் பக்கம் பார்ப்பதை விட்டுப் பதினோரு மாதம்.

மதியத்துக்குமேல் ஒரு டாக்சிக்காரர் வந்தார். பட்டறையில் அவருக்குப் பெயர் 'மூணு லட்சம்'. வண்டி மூன்று லட்சம் தாண்டியதற்கு ஒரு வரி எழுதியவர். இன்றைக்கு நாலு தாண்டிவிட்டது, இன்னொரு வரி எழுதியே தீருவேன் என்று நின்றார்.

"இடம் இல்லப்பா" என்றார் மெக்கானிக், பட்டறைப் பள்ளத்தின் மேல் தள்ளி நிறுத்திய மகனுடைய காருக்கடியில் நின்று பழைய ஆயிலை வடித்துக்கொண்டே.

"அப்ப இன்னொரு சுவர் கட்டுங்க அண்ணே. என் பொண்டாட்டி சொல்றா, இருபது வருஷத்துல உங்களவிட இந்த வண்டிதான் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்குன்னு."

"வண்டி நீ ஓட்டித்தானே வந்துச்சு?"

"அத அவகிட்ட யார் சொல்றது?" டாக்சிக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரோடு கூட வந்த, புதிதாக இதே கம்பெனியின் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்த மனிதரைக் காட்டி, "அண்ணே, இவருக்கு அந்தத் தறிக் கதைய சொல்லுங்க. கதை கேக்காம வண்டி வாங்கினா செல்லாது" என்றார்.

முன்பெல்லாம் கேட்காமலே சொல்லுவார் மெக்கானிக். இப்போது ஆயில் சொட்டுவது மட்டும் கேட்டது.

"முதல்ல அவங்க கார் செய்யல," என்று பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "தறி செஞ்சாங்க. ஒரு தச்சரோட மகன். அவங்கம்மா தறியில உட்கார்ந்து கஷ்டப்படறதப் பாத்து வளந்தவரு. அவரு செஞ்ச தறியில ஒரு விசேஷம். ஓடிக்கிட்டே இருக்கும்போது ஒரே ஒரு நூல் அறுந்தாலும் தறி தானா நின்னுடும். அறுந்தது தெரியாம மேல மேல நெய்து துணிய வீணாக்காது."

"ஆஹா" என்றார் புது ஆள்.

"அவர் மகன்தான் காரு செய்யணும்னு ஆசைப்பட்டது. முதல்ல செஞ்ச லாரி அடிக்கடி ரோட்டுல நின்னுடுமாம். செஞ்சவங்களே பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடிப் போய் சரி பண்ணிக் குடுத்துட்டு வருவாங்களாம். அப்புறம் ஃபாக்டரியில ஒரு ஏற்பாடு வெச்சாங்க. தறியில கத்துக்கிட்டதுதான். வண்டி வரிசையா நகந்து வரும்ல, அதுக்கு மேல ஒரு கயிறு. எந்தத் தொழிலாளிக்கு எந்த இடத்துல சந்தேகம் வந்தாலும் அந்தக் கயித்த இழுக்கலாம். மொத்த வரிசையும் நின்னுடும். யாரும் திட்ட மாட்டாங்க. என்ன ஏதுன்னு பாத்துட்டுத்தான் மறுபடி ஓடும்."

"பாத்தீங்களா," என்று டாக்சிக்காரர் புது ஆளின் தொடையில் தட்டினார். "அவ்வளவு நிறுத்தி நிறுத்தி செஞ்சதாலதான் இது எங்கயும் நிக்காம ஓடுது. என்ன ஆனாலும் கொண்டுபோய் சேத்துடும். அதான் அண்ணே நான் எழுதப் போறேன். 'இது நிக்காது, நம்மளையும் நிக்க விடாது.' எப்படி?"

பள்ளத்துக்குள் மெக்கானிக் ஆயில் வடிந்த துளையின் திருகை இறுக்கினார்.

டாக்சிக்காரருக்கு வேண்டுமென்று புண்படுத்துகிற குணம் கிடையாது. வாய் கொஞ்சம் முன்னால் ஓடும், அவ்வளவுதான். பெயிண்ட் டப்பாவை எடுத்து ஒரு இடுக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மெக்கானிக் மேலே ஏறி வந்தார். புது ஆயிலை ஊற்றினார். மூடியைத் திருகினார். கையைத் துடைத்தார். முதல் முறையாக ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டார். ஆயில் மாற்றினால் சின்ன மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துக் கொடுப்பது அந்தப் பட்டறையின் முறை. அடுத்த ஆயில் எப்போது என்று சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. மீட்டர் பக்கத்தில் இருந்த சின்னக் குச்சியை அவர் விரல் அழுத்தியது. அழுத்திப் பிடித்தது.

0.0.

அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

*

மருமகள் நாலு மணிக்குச் சொன்னபடி வந்தாள். தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கார் துடைத்துப் பளிச்சென்று நின்றது. அவள் பக்கத்துச் சீட் கதவைத்தான் திறந்தாள், வழக்கம்போல. சாவியை எட்டித் திருப்பினாள். பார்த்தாள்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார் மெக்கானிக். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"என்ன மாமா இது?"

"ஆயில் மாத்தினா அப்படி வெக்கறது வழக்கம்மா. கை தானா போயிடுச்சு."

"பேட்டரி மாத்தினப்ப தானா போகலையே."

அவர் துணியால் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை.

"நாளைக்கு நான் வண்டிய எடுத்தா அது எப்படியும் மாறும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "இருபத்து மூணு புள்ளி ஆறு இருபத்து மூணு புள்ளி ஏழு ஆகும். அத நான் ஆக்கணும்னு இருந்தேன். அவர் நிறுத்தின எடத்துலேருந்து நான் எடுத்து ஓட்டணும்னு. அதுக்காகத்தான் மாமா தோத்தும் விடாம மறுபடி போய்க் கத்துக்கிட்டேன்."

"தப்புதாம்மா."

"அந்த ஆறு கிலோமீட்டருக்கு இது ஒண்ணுதான் சாட்சி." அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டு பேசினாள். "இப்ப அதுவும் இல்ல. போற எடத்துல தனியா இருப்பேன். யோசிச்சுக்கிட்டே இருப்பேன். அன்னைக்கு எங்க போனாரு, யார் வீட்டுக்குப் போனாரு, என்கிட்ட ஏன் சொல்லலன்னு. யோசிச்சு யோசிச்சு ஒருநாள் அவரை வெறுத்துடுவேனோன்னு பயமா இருக்கு மாமா. நல்ல மனுஷன். செத்தப்புறம் நான் அவரை வெறுக்கக் கூடாது."

மெக்கானிக் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார்.

இங்கே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா. அந்த மனிதர் முன்னால் அப்போது இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அவர்தான். இன்னொருவன் அவர் மகன். ஒருவரைக் காப்பாற்றினால் இன்னொருவர் பெயர் கெடும்.

"யார் வீட்டுக்கும் போகலம்மா" என்றார். "இங்கதான் வந்தான்."

அவள் திரும்பினாள்.

"பன்னெண்டரை இருக்கும். நான் ஒரு வண்டிக்கு அடியில கிடந்தேன். அவன் ஷூவ மட்டும் பாத்தேன். 'அப்பா, ஸ்டீயரிங் கனமா இருக்குப்பா'ன்னான். 'இடது கையில பிடிக்கவே முடியல, தோள்வரைக்கும் இழுக்குது, என்னன்னு பாருங்க'ன்னான்."

கண் ஆஸ்பத்திரிதான் என்றாலும் ஆஸ்பத்திரிக்காரி அவள். 'இடது கை' என்றதுமே கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் பாத்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ரெண்டு சக்கரத்தையும் ஆட்டினேன். ஸ்டீயரிங் ஆயில் பாத்தேன், காத்துப் பாத்தேன். ஒரு குறை இல்ல. நானே ஜன்னல் வழியா கையை விட்டுத் திருப்பினேன். ஒத்த விரல்ல திரும்புது, அவ்வளவு லேசு. 'ஸ்டீயரிங் நல்லாத்தான்டா இருக்கு, உனக்குத்தான் உடம்பு வணங்கல'ன்னு சொல்லிச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான்."

"அவர் முகத்தப் பாத்தீங்களா மாமா?"

"வண்டியப் பாத்தேன்."

வெளியே ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டு, நின்றது.

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

அவளுக்கும் பதில் தெரியும். டாக்டர் சொன்ன கணக்கு இருவர் காதிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"அரை மணி" என்றார் கடைசியில். "ஊருக்கெல்லாம் கதை சொல்றேன். எவன் வேணா கயித்த இழுத்து நிறுத்தலாம்னு. அன்னைக்குக் கயிறு என் கையில இருந்துச்சும்மா. அவனே கொண்டுவந்து என் கையில குடுத்தான். 'ஒண்ணும் இல்ல, போயிட்டு வா'ன்னு அனுப்பிட்டேன்."

மருமகள் அழுதாள். சத்தமில்லாமல், முழங்கையைச் சீட்டில் ஊன்றி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு. எதற்கு அழுதாள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவன் எங்கும் போகவில்லை, அப்பாவிடம்தான் போனான் என்ற நிம்மதியும் அதில் இருந்தது; நிம்மதி வந்த வழியும் இருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா."

"நீ கேட்ட அன்னைக்கு 'இல்ல'ன்னு வந்துடுச்சு. ஒரு தடவை இல்லன்னு சொன்னவன் அப்புறம் எந்த வாயால சொல்றது? மீட்டர் விஷயத்துலயும், கை தானா போச்சுன்னு சொன்னேன்ல. பாதி நிஜம். மீதி பாதி எனக்கே தெரியல."

"உங்கள மன்னிக்கிற தெம்பு இப்ப எனக்கு இல்ல மாமா."

"நான் கேக்கல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவரு அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு? நீங்க அடியில இருந்தப்ப" என்று கேட்டாள். அவளுக்கு அந்த அரை மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் வேண்டியிருந்தது.

"என் டப்பாவத் திறந்தான். அந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்தான். கீரையும் சோறும் நாலு வாய். முட்டையில பாதி. 'என்னுது கார்லயே இருக்கு, இருந்தாலும் உங்க டப்பாவுலதான்பா ருசி'ன்னான். மிச்சப் பாதி முட்டைய எனக்கு வெச்சுட்டுப் போனான்."

மருமகள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. கோபம்.

"சாப்பிட்டாரா?"

"நாலு வாய்."

"பதினோரு மாசமா அத்தை வேற என்ன மாமா கேட்டாங்க? குழாய்கிட்ட கேட்டாங்க, கொடிகிட்ட கேட்டாங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க."

மெக்கானிக் தலை குனிந்துகொண்டார். குற்றத்தில் இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பங்கு. இது ஒன்பது பங்கு.

"எங்கிட்ட சொன்னது போதாது" என்றாள் அவள். "நாளைக்கு நான் கிளம்பறதுக்குள்ள அவங்ககிட்ட சொல்லணும். நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அவள் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்து, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்து இழுத்தாள். டக், டக், டக், டக். நாலு பல் முன்னால் வந்தது. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அவன் கடைசியாகப் பார்த்த கோணம் அதோடு போயிற்று. மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க" என்றாள்.

*

பட்டறையிலிருந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். முதல் திருப்பத்தில் அவள், "லேசாத்தான் இருக்கு" என்றாள். ஸ்டீயரிங்கைச் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெரு முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் ஹாரனை அழுத்தினாள். மெல்லிய, பாதியில் பின்வாங்குகிற அந்தச் சத்தம் தெரு முழுக்கப் போய், மாடியில் இருந்த அவர்கள் வீட்டு ஜன்னலில் நுழைந்தது. இரண்டு பேருமே அதை நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது மீட்டர் 4.0 காட்டியது. கோணலாகத்தான் நிறுத்தினாள். படி ஏறினார்கள்.

மாமியார் மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நேரத்தோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தால்தான் மருமகள் விடியலில் எழுந்து கிளம்ப முடியும். அந்த வீட்டில் பதினோரு மாதமாக மூன்று தட்டு.

மேஜையில் நாலு இருந்தது.

இவர்கள் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் அவளும் பார்த்தாள். "ஹாரன் கேட்டுச்சு," என்றாள் மெதுவாக. "கை வெச்சிடுச்சு." தப்பு செய்தவள் போல அந்த நாலாவது தட்டை எடுக்கப் போனாள்.

மெக்கானிக் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத கறுப்பு அவருடைய நகக்கண்களில் இருந்தது.

"இருக்கட்டும்."

"எதுக்குங்க, வெறும் தட்டு..."

"உட்காரு."

"முதல்ல சோறு..."

"உட்காரும்மா." மனைவியை அவர் 'அம்மா' என்று கூப்பிட்டதே இல்லை. அவள் உட்கார்ந்தாள்.

மருமகள் ஒரு டம்ளர் தண்ணீரை மாமனாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். உதவிக்கு வரவும் இல்லை, அறையை விட்டுப் போகவும் இல்லை.

"அன்னைக்கு அவன் சாப்பிட்டான்" என்றார் மெக்கானிக்.

"யாரு?"

"நம்ம பையன். புதன்கிழமை. பசியோட போகல. கீரையும் சோறும் சாப்பிட்டான். பாதி முட்டை சாப்பிட்டான். நீ வெச்சதுதான்."

அவள் முகம் மலர்ந்தது. அதை எப்படிச் சொல்வேன். பதினோரு மாதமாக மடித்து வைத்திருந்த துணியை உதறிப் பிரித்த மாதிரி அந்த முகம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், விரிந்தது. கை தன்னால் நாலாவது தட்டைத் தடவியது.

"சாப்பிட்டானா," என்றாள். "சாப்பிட்டுட்டுத்தான் போனானா."

பிறகு அந்தக் கை நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். இடது கையால் எடுக்கப் போய், வலது கையால் எடுத்தார்.

*

நான் இங்கே எழுந்துகொள்கிறேன் கண்ணுகளா. புருஷனும் பெண்டாட்டியும் பேச வேண்டிய இடம் அது.

உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போனவர்கள் எல்லோரும் இருட்டுவதற்கு முன் வாசல் வந்து சேரட்டும். வைத்த தட்டு ஒன்றும் வெறுமனே திரும்பாமல் இருக்கட்டும். யாராவது வந்து 'கனமாக இருக்கிறது' என்று சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்க உங்களுக்கு ஒரு நிமிடம் வாய்க்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்கள்.